ரெனின் எவ்வளவு என்று பார்த்தீர்களா? எங்கள் ஊர் கிளினிக்குக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்களுக்கும், எங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கின் மருத்துவர்களுக்கும், கிளினிக் ஆலோசனைக் குழுவில் எங்கள் பேரைச் சொல்லி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும்,

மருந்துக் கவுண்டர் பக்கத்தில் போன மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். தொடர்ந்து மூன்று தடவை வந்தும் இரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இறங்காதவர்களை ‘மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள்’ என்று குறித்துக்கொள்வீர்களாம். அவர்கள் முதலில் மூன்று ஆலோசனை வகுப்புக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வரவேண்டுமாம். அதன் பிறகுதான் மேற்கொண்டு இரத்தச் சோதனை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எல்லாம்.

அந்த அறிவிப்பைக் கழற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இதன் மலாய்ப் படி உங்கள் மேசைக்கு ஏற்கெனவே வந்திருக்கும். தமிழில் எழுதுவது, அந்தக் கவுண்டர் முன்னால் தலையைக் குனிந்து நிற்கும் எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்பதற்காக.

நான் இந்த ஊர் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் என் தம்பியின் பிரஷர் புத்தகத்தை உங்கள் கிளினிக்கில் யாரும் படித்ததைவிட அதிகமாக நான் படித்திருக்கிறேன்.

தம்பிக்கு இப்போது 49 வயது. செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறான். 32 வயதில் இரத்தக் கொதிப்பு என்று சொன்னார்கள். அன்றிலிருந்து 17 வருடமாக உங்கள் கிளினிக்தான். முதலில் ஒரு மாத்திரை, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. அழுத்தம் 160, 165, 158 என்று அங்கேயே நின்றது. ஒரு நாள் புத்தகத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘தீடாக் பாத்து’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவன் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டிச் சிரித்தான். “பாத்துன்னு போட்டிருக்காங்கக்கா, பாத்துப் போகச் சொல்றாங்க.” அவனுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். சிரித்தது அதை மறைக்கத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு ஆரம்பித்தது. மருந்தைக் குப்பையில் போடுகிறாயா? சம்சு குடிக்கிறாயா? நாட்டு மருந்து சாப்பிடுகிறாயா? தம்பி பீர்கூடத் தொட்டதில்லை. விடியக்காலையில் லோரி எடுப்பவன். கேட்ட நர்ஸ் மிஸ்ஸி மேல் எனக்குக் கோபமில்லை. காலை 8 மணிக்கு நூறு பேர் நம்பர் எடுத்து நிற்கிற இடத்தில் ஓர் ஆளுக்கு நாலு நிமிடம்தான் கிடைக்கும். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதனால்தான் அந்தப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்கிறேன்.

அந்த எழுத்து விழுந்த வாரத்திலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். ஒரு பழைய மைலோ டின்னை அவன் வீட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தேன். சாப்பிட்டு முடித்த மாத்திரை அட்டைகளையெல்லாம் அதில்தான் போட வேண்டும் என்று அவன் மனைவியிடம் சொன்னேன். 11 மாதம். டின் நிரம்பி மூடி மூடவில்லை. ஒரு பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து எண்ணினேன்: கொடுத்ததற்கும் தின்றதற்கும் 9 மாத்திரை வித்தியாசம். மூன்று நாள் மருந்து. அது தீபாவளிக்கு அவர்கள் சுங்கை பட்டாணிக்குப் போனபோது மறந்துவிட்டுப் போனது. டின்னைக் கவுண்டருக்கு எடுத்து வந்தேன். அட்டையில் இருந்ததை டாய்லட்டில் கொட்டியிருக்கலாமே என்று கேட்டார்கள். கேட்டவர் சின்னப் பெண், கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? வயிற்றைக் கிழித்துக் காட்டவா?

பதில் அவன் இரத்தத்தில் இருந்தது. அதுவும் உங்கள் ஃபைலிலேயே இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்த இரத்தச் சோதனையில் பொட்டாசியம் 3.2. அதற்கடுத்த வருடம் 3.0. 3.5க்குக் குறையக் கூடாது என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. குறைவு என்று பக்கத்தில் ஒரு குறியும் விழுந்திருக்கிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுத்தம் இறங்கவில்லை என்று அதற்கு மேல் ஒரு தண்ணி மாத்திரை சேர்த்தீர்கள், ஹைட்ரோகுளோரோதயசைட். அது உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும்போது பொட்டாசியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஆலை வாசலில் வரிசையில் நின்ற லோரியை நகர்த்த க்ளட்சை மிதித்தான், கால் இறங்கவில்லை. மரத்துப் போனதோ என்று தொடையைக் கையால் குத்திப் பார்த்திருக்கிறான். உணர்ச்சி இருந்தது, பலம் இல்லை. பின்னால் நின்ற லோரிக்காரர்கள் ஹார்ன் அடிக்க, இரண்டு பேர் கதவைத் திறந்து மூட்டை இறக்குவது போல இறக்கியிருக்கிறார்கள். ரேம்ப் மேல் ஏறும்போது அது நடந்திருந்தால் இந்த மடலை எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் 2.4. இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் அளவு அது. அங்கே இரவு வேலையில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் பழைய தாள்களையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: “இவருக்கு ரெனின், ஆல்டோஸ்டிரோன் யாராவது பார்த்திருக்கிறார்களா?” இரத்த அழுத்தத்தை ஏற்றும் இரண்டு சுரப்புகளின் பெயர் அவை. 17 வருடத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு சொல்லையும் கேட்டோம்.

பிறகு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்தார்கள். ஒரு நாள் காலை எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடச் சொல்லி, அப்புறம் கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்து இரத்தம் எடுத்தார்கள். அந்தக் குழாயை ஐஸில் வைக்கக்கூடாதாம். குளிர்ந்தால் இரத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ரெனின் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும் என்றார் இரத்தம் எடுத்தவர். அவ்வளவு பொறுமையாக ஒருவர் எங்களுக்கு எதையும் விளக்கியதில்லை. முடிவு வந்தது: ரெனின் அடிமட்டத்தில், ஆல்டோஸ்டிரோன் உச்சத்தில். ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய, விலை மலிந்த மாத்திரையை ஆரம்பித்தார்கள். நாலு மருந்து இரண்டாகக் குறைந்தது. போன மாதம் 132/84. மார்பு லேசாக வலிக்கிறது என்கிறான். அந்த மாத்திரைக்கு அப்படி வரும் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பாடம்தான், ஆனால் ஆலோசனைக் குழுப் பெரியவர்களும் எங்கள் ஆட்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தில் விடியக்காலையில் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பிரட்டுக் களத்தில் ஆள் கூடும். மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பார். ஆட்கள் மரவரிசைக்கு, அதாவது நிரைக்குப் போவார்கள். உடம்பில் அந்தத் தண்டவாளத்தை அடிப்பது சிறுநீரகம். அதற்குள் நுழையும் சின்ன இரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் சில செல்கள் அழுத்தம் குறைந்தாலோ உப்பு குறைந்தாலோ உணர்ந்து, ரெனினை இரத்தத்தில் விடும். ரெனின், ஈரலில் உற்பத்தியாகும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை வெட்டும். வெட்டிய துண்டை, பெரும்பாலும் நுரையீரலில் இருக்கும் இன்னொரு நொதி மறுபடி வெட்டி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்கும். அதுதான் மண்டோர். இரத்தக் குழாயை இறுக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை ‘வேலையைப் பார்’ என்று விரட்டும். அட்ரினல் ஆல்டோஸ்டிரோனை விடும். அது உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும், அழுத்தம் ஏறும். ஏறியதும் தண்டவாளச் சத்தம் நிற்கும். ஆள் கலைந்து வீட்டுக்குப் போவார்கள்.

என் தம்பி உடம்பில் தண்டவாளச் சத்தம் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் ஆள் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடாமலே அட்ரினல் இராப்பகலாக வேலை செய்துகொண்டிருந்தது. நீங்கள் கொடுத்துவந்த பெரிண்டோபிரில் என்ன செய்யும்? மண்டோரைத் தடுக்கும். மண்டோரே வராத களத்தில் மண்டோரைத் தடுத்து என்ன பயன்? தம்பி அந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் விழுங்கினாலும் அழுத்தம் பெரிதாக இறங்கியிருக்காது. இன்னொன்று: பெரிண்டோபிரில் வகை மருந்து பொட்டாசியத்தை ஏற்றிவிடும் தன்மை உள்ளது. அதைச் சாப்பிடுகிற ஒருவனுக்குப் பொட்டாசியம் 3.0க்கு இறங்குகிறது என்றால், அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் மருந்தின் மேல் வரவில்லை, அவன் மேல் வந்தது.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமுமில்லை. ரெனினுக்குப் பெயர் வைத்து 1898இல் எழுதினார்கள், ஸ்டாக்ஹோமில் டீகர்ஸ்டெட்டும் பெர்க்மனும். முயலின் சிறுநீரகத்தை அரைத்த சாற்றை இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள், அழுத்தம் ஏறியது. 1934இல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கிளிப் போட்டு இறுக்கிக் காட்டினார். அழுத்தம் ஏறி, ஏறியபடியே நின்றது. 1955இல் ஜெரோம் கான் என்ற மருத்துவர் எழுதியது இன்னும் நெருங்கி வருகிறது: இரத்தக் கொதிப்போடு, கைகால் பலமிழந்து போகிற 34 வயதுப் பெண். அட்ரினலில் இருந்த கட்டியை எடுத்ததும் குணமானாள். தம்பிக்கு வந்த நோய்க்கு இன்றும் அந்த மருத்துவர் பேர்தான், கான் நோய்க்குறி. எழுபது வருடமாக மருத்துவப் பாடப் புத்தகத்தில் இருக்கிற ஒரு நோய், கொதிப்புள்ளவர்கள் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கக்கூடிய நோய். மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களிடம் அதைவிட அதிகம். மலேசியாவில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு என்று 2023ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு சொல்கிறது. உங்கள் கிளினிக்கில் புத்தகம் வைத்திருப்பவர்களில் இது எத்தனை பேருக்கு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேரை அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்?

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது எலிக் கதை. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆலிவர் ஸ்மிதீஸ் என்ற விஞ்ஞானி, 2007இல் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் அவர் குழுவினரும் 1995இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன ஆஞ்சியோடென்சினோஜன் இருக்கிறதே, அதை உண்டாக்கும் மரபணு சாதாரண எலிக்கு இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இவர்கள் ஒரு பிரதி உள்ள எலி, இரண்டு உள்ள எலி, மூன்று உள்ளது, நான்கு உள்ளது என்று பிறக்க வைத்தார்கள். ஒவ்வொரு பிரதி கூடக்கூட அழுத்தம் சுமார் 8 மில்லிமீட்டர் ஏறிக்கொண்டே போனது, படிக்கட்டு மாதிரி. எல்லாம் எலிகள்தான். ஒன்றும் சம்சு குடிக்கவில்லை. மாத்திரையைக் குப்பையில் போடவில்லை. அந்தக் கூண்டுகளில் யாரும் ‘தீடாக் பாத்து’ என்று எழுதி மாட்டவில்லை.

மனிதனிடம் கணக்கு இவ்வளவு சுலபமில்லை என்று தெரியும். ரெனினுக்கான மரபணுவும் ஆஞ்சியோடென்சினோஜனுக்கான மரபணுவும் முதலாம் குரோமோசோமில் இருக்கின்றன. அழுத்தத்தைத் தொட்டுப் பார்க்கிற இடங்கள் மரபணுத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேல் என்று இப்போது சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் ஏற்றும் இறக்கும். ஒரே ஒரு மரபணு கோளாறால் ஆல்டோஸ்டிரோன் அத்துமீறிச் சுரப்பதும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மரபணு தவறாக ஒட்டிக்கொண்டு பிறக்கும் குடும்பங்களை 1992இல் கண்டுபிடித்தார்கள். அதெல்லாம் அபூர்வம். எங்கள் குடும்பத்தில் இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்போம். எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். 1987இல், 41 வயதில், காலை ஏழு மணிக்கு நிரையிலேயே விழுந்தார். வாளியில் இருந்த பால் அவர் சட்டையெல்லாம் கொட்டி, தூக்கி வந்து லயத்து வாசலில் கிடத்தும்போது உறைந்து போயிருந்தது. அம்மா அந்தச் சட்டையைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினார். எனக்குப் பதினாறு வயது, தம்பிக்குப் பதினொன்று. தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார். அக்கம்பக்கத்தில் காத்துக் கறுப்பு என்றார்கள். நாலாம் நாள் போய்விட்டார். சாவதற்கு முந்தைய வருடம் முழுக்க ‘காலு சோந்து போகுது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெட்டு முடிந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தொடையைப் பிசைந்துவிடச் சொல்வார். நான்தான் பிசைந்துவிடுவேன். தம்பி ஆலை வாசலில் தன் தொடையைக் குத்திப் பார்த்தான் என்று கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சித்தப்பாவும் நாற்பதைத் தாண்டிய கையோடு சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்த்தான் முடிந்தார்.

இதெல்லாம் ஆதாரமில்லை, ஒரு குடும்பத்தின் கதை என்று சொல்வீர்கள். சரி. ஆனால் நாற்பது வயதுக்குள் கொதிப்போ பக்கவாதமோ வந்த குடும்பத்தில் பிறந்தவர்கள், மூன்று மருந்துக்கும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், இந்த நோய் உறுதியானவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் கொதிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கெல்லாம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்று ஹார்மோன் மருத்துவர்களின் அனைத்துலக வழிகாட்டி 2016லேயே சொல்லிவிட்டது. 2025இல் வந்த புதிய வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போய், கொதிப்புள்ள எல்லாருக்குமே ஒரு தடவை பார்க்கலாம் என்கிறது. உங்கள் அறிவிப்பு இதற்கு நேர் எதிராகப் போகிறது. யாருக்கு முதலில் சோதனை செய்ய வேண்டுமோ, அவர்களைத்தான் கடைசியில் தள்ளுகிறது.

நான் எங்கள் ஆட்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது எங்களுக்கு. சோயா கிச்சாப்பை மீயில் ஊற்றும் அளவைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. இருமல் வருகிறது என்று நிறுத்தியவர் இரண்டு பேர் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள். அந்த இருமலும் பெரிண்டோபிரில் வகை மருந்து கொடுப்பதுதான், வேறு மருந்துக்கு மாற்றினால் நின்றுவிடும். அவர்களிடம் யாராவது “இருமுகிறதா?” என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆலோசனை வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும். ஆனால் சோதனைக்குப் போகும் வழியில் அதைக் குறுக்குக் கம்பாகப் போடாதீர்கள். தோட்டத்திலிருந்து வருகிற ஒருவருக்கு மூன்று வகுப்பு என்றால் மூன்று நாள் சம்பளம் போகும். வருகிறவர்கள் வருவார்கள். வராதவர்கள் புத்தகத்தைத் தூக்கி மேலே போட்டுவிடுவார்கள். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இத்தனையும் செய்கிற அரசாங்க கிளினிக்கின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் தனியார் கிளினிக்குக்குப் போகாமல் உங்களிடமே வந்து நிற்கிறேன்.

இனி, இந்த மடலை இப்போதே எழுத வைத்த விஷயம். தம்பி மகனுக்கு 24 வயது. டவுனில் மோட்டார் பட்டறையில் வேலை. ஒல்லியான பையன். போன மூன்று தடவையும் 158/98, 154/96, 160/100. அப்பாவுக்கு இந்த நோய் என்று ஈப்போவிலிருந்து வந்த கடிதத்தை நீட்டினான். “சின்ன வயசு, நாசி லெமாக்கைக் குறை” என்று சொல்லிவிட்டு, அறிவிப்பைக் காட்டி, அவன் பெயரையும் அந்த மூன்று வகுப்புப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு நீங்கள் இன்னும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. கொடுக்காத மருந்துக்கு எப்படிக் கட்டுப்படுவது?

நான் கேட்பது இவைதான்.

அந்த அறிவிப்பைக் கழற்றுங்கள். ‘தீடாக் பாத்து’ என்று யார் புத்தகத்திலும் எழுதுவதற்கு முன், மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள், கடைசி இரண்டு பொட்டாசியம் எண்ணைப் பாருங்கள், இருமல், கால் சோர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றையும் செய்து முடித்த பிறகும் எழுதத்தான் வேண்டும் என்றால், எந்தக் காரணத்தால் எழுதினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மூன்று மருந்து சாப்பிட்டும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், நாற்பதுக்குள் கொதிப்பு வந்தவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் பக்கவாதம் கண்டவர்கள், இந்த நாலு வகையினருக்கும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் சோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இங்கே எடுக்க வசதியில்லை என்றால் அன்றைக்கே கடிதம் கொடுங்கள். தண்ணி மாத்திரை ஆரம்பிக்கும் ஒவ்வொருவருக்கும் சில வாரத்துக்குள் பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். இது ஒன்றுக்குச் செலவு அதிகமில்லை.

பிரஷர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குடும்பத்துக்கு என்று ஓர் இடம் ஒதுக்குங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்கு, எத்தனை வயதில், என்ன வந்தது. எங்கள் கிழவிகளுக்கு மலாயில் பாசாரில் சாமான் வாங்கத் தெரியும். மலாயில் ஒரு சாவை விவரிக்க வராது. வாரத்தில் ஒரு நாளாவது தமிழ் பேசும் ஒருவர் கவுண்டரில் இருக்கட்டும். ஆலோசனைக் குழுப் பெரியவர்களே, இதை அடுத்த கூட்டத்தில் எழுப்பி, குறிப்பில் ஏற வைக்க வேண்டியது உங்கள் வேலை.

என் தம்பி புத்தகத்தில் இருக்கும் சிவப்பு எழுத்தை, எழுதியவர்களே கோடு போட்டு அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மன்னிப்பு எல்லாம் அவன் கேட்கவில்லை. புத்தகம் சரியாக இருந்தால் போதும் என்கிறான்.

தம்பி மகனை வகுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, சோதனைக்குக் கடிதம் கொடுங்கள். அவனுக்கு வரும் செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு அப்பாய்ண்ட்மெண்ட். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், நானும் கூட வருகிறேன். ஈப்போக் கடிதத்தின் நகல் இரண்டு இருக்கும். டின்னையும் எடுத்து வருவேன். எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் எண்ணலாம். மற்ற கோரிக்கைகளுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தமிழிலோ மலாயிலோ, எதில் எழுதினாலும் நான் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பிரஷர் புத்தகத்தில் ‘தீடாக் பாத்து’ என்று எழுதப்பட்டவனின் அக்கா